பிரிக்காத எஞ்சினின் கௌரவம்

நாளையிலிருந்து பட்டறைச் சாவி உங்களிடம் இருக்கும். என் முதுகுத்தண்டில் ஒரு வட்டு இடம்பெயர்ந்துவிட்டது. பிரிக்காமலேயே சரிசெய்துவிடலாம் என்று கள்ளக்குறிச்சியில் சிலர் எண்ணெய் தடவினார்கள், சிலர் இடுப்பில் பட்டை கட்டினார்கள், ஒருவர் மேலே ஏறி மிதிக்கவும் செய்தார். கடைசியில் பிரித்துத்தான் பார்க்க வேண்டியதாயிற்று. இனி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் மெக்கானிக் வேலையை இன்னும் யாரும் கண்டுபிடிக்காததால் விலகிக்கொள்கிறேன்.

ஸ்பேனர் பிடிப்பதைப் பற்றி உங்களுக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. தெரியாவிட்டால் கைத்தோல் உரிந்து தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்ல நினைப்பது எஞ்சினைப் பற்றி மனிதர்கள் பேசும் பேச்சைப் பற்றி. எனக்குத் தெரிந்து எஞ்சின்களைக் கெடுத்தது பெரும்பாலும் அந்தப் பேச்சுதான்.

நம் பக்கம் பழைய கார் விற்பவர் ஓடிய தூரத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். அதை மீட்டர் திருத்துகிறவர் பார்த்துக்கொள்வார். மாடலையும் மெதுவாகத்தான் சொல்வார். காரின் கதவைத் திறப்பதற்கு முன்பே அவர் வாயிலிருந்து வருவது, "எஞ்சின் பிரிக்கலங்க." கேட்பவரும் பெண் பார்க்க வந்த இடத்தில் நல்ல சேதி கேட்டவர்போலத் தலையாட்டுவார். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் அடுப்பைக் கழுவியதில்லை என்று ஓர் ஓட்டல்காரர் பலகை வைத்தால் அங்கே போய்ச் சாப்பிடுவோமா? எஞ்சின் விஷயத்தில் மட்டும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறோம்.

டிப்ளமோ முடித்ததும் நான் முதலில் சேர்ந்தது விழுப்புரத்தில் ஒரு பட்டறையில். அந்த முதலாளிக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: டீசல். எஞ்சின் ஆயிலோடு டீசலைக் கலந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கறுப்பாக வருவதை வடித்துவிட்டு, "பேதிக்குக் குடுத்தாச்சு, இனிமே பறக்கும்" என்பார். லேசான அழுக்குள்ள எஞ்சின்கள் பிழைத்துக்கொண்டன. கசடு முற்றிப்போன ஒரு வக்கீல் கார், பறந்து போய் அடுத்த நாளே நான்கு பேர் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தது. முதலாளி அசரவில்லை. பானட்டைத் தடவிக் கொடுத்து, "வயசாயிடுச்சு சார் வண்டிக்கு" என்றார். வக்கீலும் கண் கலங்கினார். இரண்டு பேரும் சேர்ந்து துக்கம் அனுசரித்தார்கள்.

உள்ளே நடந்தது இவ்வளவுதான். மாற்றாமல் விட்ட பழைய ஆயில் நாளாக ஆகக் கெட்டிப்பட்டு, தார் கலந்த அல்வாபோல எஞ்சினின் உள்சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டை நாம் சேம்பர் என்கிறோம். அதற்குள் ஒரு குழாய், குழாய் வாயில் ஒரு சல்லடை. அதன் வழியாகத்தான் ஆயில் மேலே ஏறும். பேதி மருந்து, சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த கசட்டையெல்லாம் ஒரேயடியாகக் கிளப்பிவிடும். வடிந்து வெளியே வருவது கொஞ்சம். மீதி நேராகப் போய்ச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். பிறகு சேம்பர் நிறைய ஆயில் இருந்தாலும் எஞ்சின் தாகத்தில் செத்துப்போகும். அதனால் கசடு பிடித்த பழைய எஞ்சினை மறுபடி ஓட்டுவதற்கு முன் சேம்பரைக் கழற்றிச் சல்லடையைக் கண்ணால் பார்க்க வேண்டும். படித்தால் ஒரு வரி. அதைச் சம்பந்தியிடம் சொல்லிப் பாருங்கள்.

என் மகள் கயலைத் தியாகதுருகம் பக்கம் கொடுத்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறவர். நல்ல மனிதர். பெண் கேட்டு வந்தபோது எதுவும் வேண்டாம் என்றார், பிறகும் அதே சொல்லில் நின்றார். அவரிடம் ஒரு சிக்கல்தான். தம் வீட்டுப் பொருள் எதுவும் கெட்டுப்போகும் என்பதை அவரால் நம்ப முடியாது. அவர் வீட்டுக் கடிகாரம் மெதுவாக ஓடினால், பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்பார்.

கல்யாணமான சில மாதங்களில் ஒரு டீசல் காரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு நம் பட்டறைக்கு வந்தார். வெள்ளைக் கார் என்று அவர் சொன்னதால் வெள்ளை என்று வைத்துக்கொண்டேன். மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே கொட்டகையில் வருடக்கணக்காக நின்றது. பின்சீட்டில் கோழி முட்டையிட்ட குழி இருந்தது.

"எங்க அப்பா வாங்கினது சம்பந்தி. பிரிக்காத எஞ்சின். இன்னி வரைக்கும் ஒரு ஸ்பேனர் பட்டதில்ல. சும்மா ஸ்டார்ட் பண்ணி மட்டும் குடுங்க, புள்ளைங்கள ஏத்திக்கினு மலைக்குப் போய் வரணும்."

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். மூடியின் அடிப்பக்கம் விரல் தடிமனுக்குக் கறுப்பு. உள்ளே விரலை விட்டால் மைச்சட்டியில் விட்டதுபோல வந்தது.

"சேம்பர கழட்டிக் கழுவணுங்க சம்பந்தி. அதுக்கு முன்ன ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"கழட்டறதுன்னா? பிரிக்கறதா?"

"முழுசா இல்லைங்க. அடில இருக்கற தட்ட மட்டும்."

"அடியப் பிரிச்சா இன்னா, தலையப் பிரிச்சா இன்னா? பிரிச்சது பிரிச்சதுதான சம்பந்தி?"

இந்தக் கேள்விக்கு டிப்ளமோவில் பதில் சொல்லித் தரவில்லை. சம்பந்தி டீயை மிச்சம் வைத்துவிட்டு, "அப்புறமா பாக்கலாம்" என்று மறுபடி டிராக்டரில் கட்டி இழுத்துப் போனார். கார் கோழியிடமே திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு குடுத்த எடத்துல போயி எஞ்சின்ல நொட்டை சொல்லுவாங்களா? அவரு மனசுல ஒண்ணு வெச்சுக்கினு நம்ம பொண்ணுகிட்ட காட்டுனா?"

அன்று ராத்திரி கயலுக்குப் போன் போட்டு, மாமனார் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "நல்லா இருக்கேன்பா" என்றாள். மறுநாளும் கேட்டேன். "நல்லா இருக்கேன்பா." அந்த வாரம் முழுக்க அதே பதில், அதே குரல். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, குமார் ஒரு வாஷர் கேட்டுப் பட்டறைக்கு வந்தான். சேலம் சாலையில் வாட்டர் வாஷ் வைத்திருப்பவன். வீடியோ பார்த்து எஞ்சின் வேலையும் கற்றுக்கொண்டவன். முகம் நிறையச் சிரிப்பு.

"அண்ணே, நீ ஆவாதுன்னு அனுப்பின காரு, ஓட்டிட்டேன் பாத்துக்க."

"எந்தக் காருடா?"

"உங்க சம்பந்தி காருதான். கோழி முட்ட போட்டுக்கினு இருந்துதே. டீசல் ஊத்திப் பேதிக்குக் குடுத்தேன். தாரு மாதிரி வந்துதுண்ணே! புது ஆயில் போட்டு அனுப்பிட்டேன். பிரிக்கவே இல்ல."

"சேம்பர் கழட்டுனியா?"

"பிரிக்கலன்னு அதான சொல்றேன்."

"ஆயில் லைட்டு எரியுதா?" ஆயில் மேலே ஏறாவிட்டால் ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிகிற சிவப்பு விளக்கைத்தான் கேட்டேன்.

"மொதல்ல எரிஞ்சுகினே இருந்துச்சு. பெரியவரு பாத்துப் பாத்துப் பயப்படறாருன்னு வயரைப் புடுங்கி வுட்டுட்டேன். இப்ப எரியறதே இல்ல." காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்லும் டாக்டரின் திருப்தி அவன் முகத்தில் இருந்தது.

"வண்டி இப்ப எங்க?"

"காலைலயே குடும்பமா மலைக்குக் கெளம்பிட்டாங்களே. கரியாலூர் ஃபால்ஸுக்கு. பிரியாணி அண்டா வெச்சா டிக்கி மூடல, நான்தான் கயிறு போட்டுக் கட்டினேன்."

அந்தக் காருக்குள் என் மகள் இருந்தாள்.

ஏறும்போது எஞ்சின் ஆயில் கிடைக்காமல் இறுகிப்போனால் வண்டி நின்றுவிடும், திட்டிக்கொண்டே இறங்கி நடக்கலாம். இறங்கும்போது இறுகினால் கதை வேறு. எஞ்சின் நின்ற மறுகணம் ஸ்டியரிங் கல்லாகும். பிரேக் ஓரிரு மிதிக்குக் கேட்கும், அதற்குப் பிறகு அதுவும் கல்லாகும். அந்த மலைப்பாதையில் அது எந்த வளைவில் நடக்கும் என்பது மட்டும்தான் பாக்கி.

கயலுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மாப்பிள்ளை தினேஷுக்குப் போட்டேன். அவரும் வெளியே. பட்டறை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குமார் பின்னாலிருந்து, "அண்ணே, வாஷரு?" என்று கத்தியது கேட்டது.

கச்சிராயபாளையம் எப்போது வந்தது, கோமுகி அணை எப்போது போனது, தெரியாது. மலை ஏறத் தொடங்கியதும் நான் சாலையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஓரத்துத் தடுப்புச் சுவர் முழுதாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். ஓரிடத்தில் சுவர் இடிந்திருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கிப் போனேன். இடிந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. பழைய இடிப்பு. அந்தப் புல்லைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் முதலில் தெரிவது அந்தப் புல்தான்.

எதிரே மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன்.

"வெள்ளைக் காரு ஒண்ணு பாத்தீங்களா? பின்னால அண்டா கட்டினது?"

"பிரியாணி காருங்களா?" என்றார் டிரைவர். "கரியாலூருக்கு முன்னாடி டீக்கடையாண்ட நிக்குது. ஒரு பொண்ணு சாவிய வெச்சுக்கினு தகராறு பண்ணிக்கினு இருக்குது. மாமனார் குதிக்கிறாரு. போய்ப் பாருங்க, நல்லாருக்கும்."

தகராறு என்ற சொல் அவ்வளவு இனிமையாக என் காதில் அதுவரை விழுந்ததில்லை.

டீக்கடை முன் சின்னக் கூட்டம். கார் ஓரமாக நின்றது. கயல் சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். சாவி புடவைத் தலைப்பில் முடிச்சாக இருந்தது. தினேஷ் இரண்டு பக்கமும் பார்க்காமல் மலையை ரசித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி நடுச்சாலையில் நின்று, வருகிற போகிற வண்டிகளுக்கெல்லாம் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தி அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, கோபமும் ஏமாற்றமுமாக உட்கார்ந்திருந்தார். அந்த எலுமிச்சம்பழத்தின் கதை பிறகுதான் தெரிந்தது. வண்டியை நிறுத்துவதற்குக் கயல் சொன்ன காரணம், வாந்தி வருகிறது என்பது. கல்யாணமான புதிதில் மருமகள் இப்படிச் சொன்னால் எந்த மாமியாருக்குத்தான் மனசு குளிராது? அவர் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கித் திரும்புவதற்குள் இவள் சாவியை உருவிக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி! நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் சம்பந்தி. நான் எப்படி அங்கே வந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை. நியாயம் கேட்க ஆள் வந்தால் போதும் என்ற நிலையில் இருந்தார். "நடு ரோட்டுல மானத்த வாங்குது உங்க பொண்ணு. வண்டி ஜம்முனு ஓடுது. ஏதோ சத்தம் வருதாம்!"

"மேல டக்கு டக்குன்னு அடிக்குதுப்பா" என்றாள் கயல். "நம்ம பட்டறைல கேப்பனே, ஆயில் ஏறாத வண்டி சத்தம். அதே." அவள் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் முழுவதையும் நம் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துதான் எழுதினாள்.

"ஆயில் இல்லன்னா செவப்பு லைட்டு எரியும் இல்ல?" என்றார் சம்பந்தி. "எரியல. நானே பாத்தேன்."

"சாவி போட்ட ஒடனே அது ஒரு வாட்டி எரிஞ்சிட்டுதான் அணையணும் மாமா. காலைலருந்து பாக்கறேன், இது எரியவே இல்ல. எரியவே எரியாத லைட்ட வெச்சுக்கினு நல்லாருக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

கூட்டத்தில் ஒருவர், "பாயிண்டு" என்றார்.

சம்பந்தியின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சம்பந்தி. உங்க பொண்ணுதான? சாவியக் குடுக்கச் சொல்லுங்க."

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த இடத்தில் பெண்ணைக் கொடுத்தவன் என்ன செய்வான் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். நியாயம் யார் பக்கம் இருந்தாலும் முதலில் தன் பெண்ணை ஓர் அதட்டு அதட்டுவான். பிறகு சம்பந்தியைச் சமாதானம் செய்வான். அதற்கும் பிறகுதான் விஷயத்துக்கு வருவான். அதற்குள் அவர்கள் வண்டியில் ஏறிப் போயிருப்பார்கள். அதட்டுவதற்காக என் வாய் திறந்தும்விட்டது. கயல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை புடவை முடிச்சின் மேல் இருந்தது.

"சாவியக் குடுக்காதம்மா" என்றேன்.

 டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சம்பந்தி விறுவிறுவென்று போய் பானட்டைத் தூக்கி, ஆயில் அளவுக் கம்பியை உருவி, தன் வெள்ளைத் துண்டிலேயே துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். "பாருங்க! எல்லாரும் பாருங்க! ஃபுல்லு! ஆயில் ஃபுல்லா இருக்குது!"

"அண்டா நெறையப் பிரியாணி இருக்குதுங்க சம்பந்தி. கரண்டி உள்ள போவலன்னா எலைக்கு எப்படி வரும்?"

கூட்டம் சிரித்துவிட்டது. சிரிக்க வைக்க வேண்டிய நேரமா அது? ஆனால் அதற்கு முன் நான் சொன்ன எந்தத் தொழில்நுட்ப விளக்கமும் அவர் காதில் ஏறவில்லை. இது ஏறியது. கம்பியைத் திரும்பச் செருகினார். காரை அங்கேயே விட்டுவர ஒப்புக்கொண்டார்.

என் லோடு வண்டியில் ஏற அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மகனையும் அண்டாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் அண்டாவுக்கு லக்கேஜ் போட்டாராம். "சோத்துக்கு எதுக்கு லக்கேஜு?" என்று கச்சிராயபாளையம் வரை வாக்குவாதம் நடந்ததாகத் தினேஷ் பிறகு சொன்னார். பெண்கள் இருவரும் என்னோடு வந்தார்கள்.  அணை தெரிந்ததும் சம்பந்தி அம்மா மெல்லக் கேட்டார்.

"வாந்தி நெஜமாவே வர்லியா கயலு?"

"இல்லைங்க அத்த."

அவர் எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காரை வேறொரு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். சம்பந்தி எதிரிலேயே சேம்பரைக் கழற்றினேன். சல்லடையின் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை; முழுக்கக் கறுப்பு அல்வா. ஒரு குச்சியால் குத்தி எடுத்து அவர் முன் காகிதத்தில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். மருமகளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நான் எதிர்பார்த்த சொல் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"சம்பந்தி, ஒரு சந்தேகம். சேம்பர் கழட்டறது எஞ்சின் பிரிக்கறதுல சேராது இல்ல?"

"சேராதுங்க சம்பந்தி."

"அதான பாத்தேன்" என்று நிமிர்ந்தார்.

கசடு முழுவதையும் கையால் சுரண்டிக் கழுவி, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, ஆயில் மேலே ஏறுவதை உறுதி செய்து, கடைசியாக அந்த விளக்கின் வயரை மாட்டிக் கொடுத்தேன். கார் இன்றும் ஓடுகிறது. சம்பந்தி இப்போது யார் ஏறினாலும் கிளப்புவதற்கு முன் கையை உயர்த்திக் காத்திருக்க வைக்கிறார். "பாருங்க, எரியுது... எரியுது... இப்ப அணையும் பாருங்க." அணைந்ததும் பெருமையாக, "பிரிக்காத எஞ்சின்" என்று சேர்த்துக்கொள்கிறார்.

குமாரும் மாறிவிட்டான். பேதிக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை. மலைக்குப் போகிறீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்கிறான்.

ஆகவே உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வருகிற வண்டியில் சாவி போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கோடு வருகிறவர் பயந்துபோய் வருவார், நாம் சொல்வதைக் கேட்பார். எரியவே எரியாத விளக்கோடு வருகிறவர் சிரித்துக்கொண்டு வருவார். அவரை விட்டுவிடாதீர்கள், சம்பந்தியாகவே இருந்தாலும்.

மலையிலிருந்து வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தடுப்புச் சுவரும் புல்லும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒரே குரலில் கேட்ட அந்த "நல்லா இருக்கேன்பா." அதைக் கேட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மறுநாள் போன் போட்டபோது அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "அத வுடு" என்றேன். "இன்னா நல்லா இல்லன்னு மொதல்ல சொல்லு."  ஆரம்பித்தாள் பாருங்கள், என் காது சூடாகிவிட்டது.

நேற்றும் பேசினாள். "இந்த வூட்ல ரசத்துக்கு வெல்லம் போடறாங்கப்பா! போடக் கூடாதுன்னா அத்தைக்குக் கோவம் வருது. இவரு ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கினு ரெண்டு ரசமும் நல்லாருக்குதுங்கறாரு. இன்னா ஜனங்கப்பா இவங்க!"

மூச்சுவிடாமல் போய்க்கொண்டிருந்தது. நான் ஊம் கொட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுக்களையிலிருந்து பதறிப்போய் வந்தாள். "இன்னாங்க, இன்னா பிரச்சன?"

போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன். "ஒண்ணுமில்ல. லைட்டு எரியுது."